சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது: பாலியல் வன்முறைப் புலன்விசாரணையில் பாதிக்கப்பட்டவருக்கு உள்ள சட்டக் காப்பு

வேலூர் மாவட்டத்தில் எந்தக் காவல் நிலையத்துக்கு மனுவோடு போனாலும் கைக்கு வரும் முதல் காகிதம் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். (சமூகப் பணிப் பதிவேடு) ரசீதுதான். வரப்புத் தகராறு, கொடுக்கல் வாங்கல், தொலைந்த செல்போன் எல்லாவற்றுக்கும் அதே சீட்டு. ஒரு எண், ஒரு முத்திரை, கூடவே "ரெண்டு நாள் கழிச்சு வாங்கம்மா, எதிர்பார்ட்டியையும் கூப்பிட்டுப் பேசிடலாம்" என்று ஒரு வாக்கியம். பாலியல் வன்முறைப் புகாருக்கும் இந்தச் சீட்டைக் கொடுத்து அனுப்பினால் வழக்கு அங்கேயே பாதி கெட்டுவிடுகிறது. மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கிடையாது, குற்றப்பத்திரிகைக்கான இரண்டு மாதக் கெடு ஓடாது, இடைக்கால இழப்பீடு கேட்க முடியாது. சிகிச்சையைத் தவிர மற்ற காப்புகள் ஏறத்தாழ அனைத்தும் எஃப்.ஐ.ஆர். என்ற முதல் தகவல் அறிக்கை பதிவாகி, குற்ற எண் விழுந்த பிறகுதான் உயிர் பெறுகின்றன.

2024 ஜூலை 1 முதல் குற்ற நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். என்ற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ். என்ற பாரதிய நியாய சன்ஹிதாவும் வந்துவிட்டன. ஆனால் ஸ்டேஷன் ரைட்டரும் (நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் காவலர்) வக்கீல்களும் இன்னும் பழைய எண்களில்தான் பேசுகிறார்கள். அதனால் தேவைப்படும் இடங்களில் இரண்டையும் சொல்கிறோம்.

மனு வாங்கும் மேசை

பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே தீர்ப்பளித்துவிட்டது. பி.என்.எஸ்.எஸ். 173 (பழைய 154) அதே கடமையைச் சொல்கிறது. கூடவே ஒரு சந்தும் வைத்திருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம். வல்லுறவுக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. எனவே அந்தச் சந்து அதற்குப் பொருந்தாது. பெண்ணின் மாண்பைக் குலைக்கும் தாக்குதல் (பி.என்.எஸ். 74) போன்றவற்றில்தான் இதைப் பயன்படுத்த முடியும். "விசாரணையில இருக்கு" என்ற பதில் வந்தால் கேட்க வேண்டியவை இரண்டு: டி.எஸ்.பி. அனுமதி எந்தத் தேதியில் வாங்கப்பட்டது? 14 நாள் என்றைக்கு முடிகிறது? அனுமதி இல்லாமல் நடக்கும் "விசாரணை"க்குச் சட்டத்தில் இடமில்லை.

புகாரைப் பெண் காவல் அதிகாரிதான் பதிய வேண்டும். இதைக் காட்டியே உள்ளூர் நிலையத்தில் "மகளிர் ஸ்டேஷன் போங்க" என்று திருப்பி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அணைக்கட்டு மலையில் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லைப் பக்கத்திலிருந்து இறங்கி வருபவரை இன்னொரு ஊருக்கு அனுப்பினால் அன்றைய நாள் போய்விடும். பல சமயம் புகாரும் அதோடு போய்விடும். சட்டம் கேட்பது பெண் அதிகாரியை, மகளிர் காவல் நிலையத்தை அல்ல. உள்ளூர் நிலையம் பெண் அதிகாரியை வரவழைத்துப் பதியலாம். உடல், மனக் குறைபாடு உள்ளவர் என்றால் அவர் வீட்டிலோ அவர் சொல்லும் இடத்திலோ, சிறப்பு ஆசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில், வீடியோவோடு பதிய வேண்டும்.

"எங்க லிமிட் இல்ல" என்ற பதிலுக்கும் இப்போது இடமில்லை. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையமும் பதியலாம். பூஜ்ய எண்ணில் போட்டு உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். காட்பாடி ரயில் சந்திப்பும் சித்தூர் எல்லையும் உள்ள ஊருக்கு இது வெறும் ஏட்டுச் சட்டமல்ல. ஓடும் ரயிலில் நடந்தது ரயில்வே காவல்துறைக்குப் போகும், ஆந்திர எல்லைக்கு அப்பால் நடந்தது அந்த மாநிலத்துக்குப் போகும். ஆனால் மாற்றும் வேலை காவல்துறையுடையது. பாதிக்கப்பட்டவர் நிலையம் நிலையமாக அலைய வேண்டியதில்லை.

நேரில் போக முடியாதவர் மின்னணு வழியாகவும் தகவல் தரலாம். மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட்டால் அது பதிவாகும். 2022 மார்ச்சில் வேலூரில் ஷேர் ஆட்டோவில் நடந்த கூட்டு வன்முறை வழக்கில், சந்தேக நபர்கள் வேறொரு தகராறில் சிக்கிய பிறகு, பாதிக்கப்பட்டவரின் புகார் ஆன்லைனில்தான் வந்தது. அந்த வழக்கில் நான்கு பேருக்கு 20 ஆண்டு சிறை என்று வேலூர் மகளிர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பயத்தில் நேரில் வராமல் இருந்தது புகாரைப் பொய்யாக்கிவிடவில்லை.

பதிய மறுத்தால் அடுத்த படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளரான எஸ்.பி.தான். அவருக்கு எழுத்து மூலம், பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். அதிலும் நகரவில்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. எஸ்.பி.க்கு எழுதிய சான்று இல்லாமல் நீதிமன்றம் போனால் அங்கே முதல் கேள்வியே அதுதான். நம் ஊரில் பலர் சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்துத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போகிறார்கள். அந்த மனு சுற்றிவிட்டுப் பழைய மேசைக்கே வந்து சேரும். நாலு பேர் நிற்கும் வரிசையில் விஷயத்தை உரக்கச் சொல்லவும் நேரும். எஸ்.பி.க்கு எழுதும் மனுவுக்கு அது மாற்று ஆகாது. வல்லுறவுப் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு பி.என்.எஸ். 199-ன்படி ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டாலே சில இடங்களில் பேனா நகர்கிறது.

எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், புகார் கொடுத்தவருக்கு மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவருக்கும் தர வேண்டும். வாங்கியதும் வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம் என்று மடித்து வைக்கக் கூடாது. அங்கேயே படிக்க வேண்டும். குற்ற எண், பிரிவுகள், தகவல் கிடைத்த தேதி, நேரம் ஆகியவற்றைச் சரிபாருங்கள். அந்தப் படிவத்தில் "தகவல் தரத் தாமதமானதற்கான காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. ரைட்டர் அதைச் சும்மா விட்டுவிடுவார், அல்லது "தாமதம் இல்லை" என்று எழுதிவிடுவார். இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையைத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். "மிரட்டினார்கள்", "வீட்டில் சொல்லப் பயந்தேன்", "மருத்துவமனையில் இருந்தேன்" என்ற உண்மையான காரணம் முதல் நாளே அதில் ஏறியிருந்தால் அந்தக் கேள்விக்குக் கூர் இருக்காது.

மருத்துவமனையில் முதல் 96 மணி நேரம்

சிகிச்சைக்கு எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. அரசு மருத்துவமனையோ தனியாரோ, பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 397. மறுத்தால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை (பி.என்.எஸ். 200). "போலீஸ் மெமோ கொண்டு வாங்க" என்று ஒரு மருத்துவமனை சொன்னால் அது சட்டத்துக்கு எதிரான பேச்சு. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் இது பொருந்தும், நகரத்தின் பெரிய தனியார் மருத்துவமனைகளுக்கும் பொருந்தும், தெருக்கோடி நர்சிங் ஹோமுக்கும் பொருந்தும்.

அவசரப் பிரிவில் ஏ.ஆர். என்ட்ரி என்று ஒன்று போடுவார்கள். விபத்துப் பதிவேட்டில் ஏறும் அந்தச் சில வரிகள் பிறகு நீதிமன்றத்தில் பெரிய கனம் பெறும். யார் என்ன செய்தார் என்று பாதிக்கப்பட்டவர் சொன்னதை மருத்துவர் எழுத வேண்டும். கூட வந்த உறவினர் கூச்சத்தில் "கீழ விழுந்துட்டா" என்று சொல்லி, அதுவே ஏ.ஆரில் ஏறிவிட்டால், பிறகு அதை மாற்றுவது கடினம்.

காவல்துறைக்குத் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அறிக்கை ஏழு நாளுக்குள் விசாரணை அதிகாரியிடம் போக வேண்டும். இந்த ஏழு நாள் கெடு பி.என்.எஸ்.எஸ். 184 புதிதாகக் கொண்டு வந்தது. சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது. சம்மதம் வாங்கியதும், பரிசோதனை தொடங்கி முடிந்த நேரமும் அறிக்கையில் இருக்க வேண்டும். சிகிச்சைக்குச் சம்மதித்து, பரிசோதனைக்கு மறுக்கலாம். ஒரு பகுதிக்கு மட்டும் மறுக்கவும் உரிமை உண்டு. மறுத்தார் என்பதற்காகச் சிகிச்சையை நிறுத்த முடியாது.

மாதிரி எடுப்பதில் நேரம்தான் எல்லாம். மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல்படி சம்பவத்திலிருந்து 96 மணி நேரம் வரை ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரி) எடுக்கலாம்; 72 மணி நேரத்துக்குப் பிறகு கிடைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறையும். குளிப்பது, வாய் கொப்பளிப்பது, உடை மாற்றுவது எல்லாம் தடயத்தை அழிக்கும். ஆனால் குளித்துவிட்டவரை "இனிமே ஒண்ணும் கிடைக்காது" என்று திருப்பி அனுப்புவதும் தவறு. காயங்கள், நகக்கண், உடை ஆகியவை தனித்தனிச் சான்றுகள். சம்பவத்தின்போது அணிந்திருந்த உடைகளை நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வைக்க வேண்டும். வீட்டில் கைக்குக் கிடைப்பது பிளாஸ்டிக் கவர்தான். அதில் ஈரத்தோடு கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதைந்துவிடும். மயக்க மருந்து சந்தேகம் இருந்தால் ரத்தமும் சிறுநீரும் அன்றே எடுக்கச் சொல்ல வேண்டும். மறுநாளுக்குத் தள்ளினால் பலனில்லை. அவசரக் கருத்தடை மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எச்.ஐ.வி. மருந்தை 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

இரு விரல் பரிசோதனை கூடாது. உச்ச நீதிமன்றம் 2013-ல் அதைக் கண்டித்தது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஏப்ரலில் தமிழக அரசுக்குத் தடை செய்ய உத்தரவிட்டது, அதே ஆண்டு அக்டோபர் 31-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செய்பவர் நன்னடத்தை மீறியவர் என்றே அறிவித்தது. அதற்குப் பிறகும் அறிக்கையில் "உடலுறவுக்குப் பழக்கப்பட்டவர்" என்ற வரி தென்பட்டால், அரசு வக்கீலிடம் சொல்லி எழுத்து மூலம் ஆட்சேபிக்க வேண்டும். கடந்தகால வாழ்க்கை சம்மதம் பற்றிய கேள்விக்கு விடையாகாது என்பது சாட்சியச் சட்டத்தின் நிலை.

வாக்குமூலம்: எங்கே, யார் முன்னால், எந்த மொழியில்

பெண்களையும் 15 வயதுக்குட்பட்டவர்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் விசாரணைக்குக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது, அவர்கள் வசிக்கும் இடத்துக்கு அதிகாரி போக வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 179, பழைய 160). நல்ல விதிதான். கிராமத்தில் அது வேறு விதமாகவும் முடியும். தெருவில் போலீஸ் ஜீப் நின்றால் அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். அடையாளத்தைக் காக்க வந்த விதியே அடையாளத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்திலோ வெளியூர் உறவினர் வீட்டிலோ வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கலாம். குழந்தை வழக்கில் இது வெறும் கோரிக்கை அல்ல. போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) 24-ன்படி குழந்தை விரும்பும் இடத்தில், சீருடை இல்லாமல், கூடுமானவரை எஸ்.ஐ. தகுதிக்குக் குறையாத பெண் அதிகாரி பதிய வேண்டும். எக்காரணம் கொண்டும் குழந்தையை இரவில் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

எஃப்.ஐ.ஆருக்குப் பிறகு விசாரணையில் காவல்துறையிடம் தரும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தேவையில்லை. வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

மொழி வேலூருக்கே உரிய சிக்கல். குடியாத்தம், பேரணாம்பட்டில் தெலுங்கும் உருதும் வீட்டு மொழி. சிகிச்சைக்காக வந்து மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கியிருப்பவர்களில் பலருக்கு வங்காளமோ இந்தியோ தவிர வேறு தெரியாது. மூன்றாவது ஆள் அரைகுறையாகச் சொல்வதை ரைட்டர் தமிழில் எழுத, அதற்குள் கருத்து மாறிவிடுகிறது. போக்சோ வழக்கில் தகுதியான மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். வயது வந்தவர் வழக்கிலும், பதிந்ததைத் தன் மொழியில் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லி, அதன் பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும். லாட்ஜ் மேனேஜரோ குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தெரிந்தவரோ மொழிபெயர்க்கக் கூடாது.

அடுத்தது மாஜிஸ்திரேட். இதைத்தான் எல்லோரும் "164" என்கிறார்கள், இப்போது பி.என்.எஸ்.எஸ். 183. சிவண்ணா வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் பாதிக்கப்பட்டவரை மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் செல்ல வேண்டும், தாமதமானால் காரணத்தை கேஸ் டைரியில் எழுத வேண்டும் என்றது. கூடுமானவரை பெண் மாஜிஸ்திரேட். இல்லாவிட்டால் ஆண் மாஜிஸ்திரேட், ஒரு பெண் முன்னிலையில். காவலர் அறைக்குள் இருக்கக் கூடாது. குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரை இந்த வாக்குமூலத்தின் நகல் எதிரிக்கு (குற்றம்சாட்டப்பட்டவருக்கு) கிடைக்காது. நடைமுறையில் நடக்கும் கோளாறு ஒன்று: மூன்று நான்கு நாள் தள்ளிப்போட்டு, அதற்குள் இரு தரப்பையும் "பேச" வைத்துவிடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் பல பெண்களின் வார்த்தை மாறுகிறது. மாறிய வார்த்தை வாக்குமூலமாகப் பதிவான பிறகு வழக்கில் மிச்சம் அதிகம் இராது. அழைத்துப் போகும் தேதியை எழுத்து மூலம் கேட்பது இந்த இடைவெளியைச் சுருக்கும் வழி.

பெயர் வெளியே போகாமல்

பெயரை மட்டுமல்ல, யாரென்று தெரியவைக்கும் எதையும் வெளியிடுவது குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை (பி.என்.எஸ். 72, பழைய 228ஏ). பள்ளி, தெரு, அப்பா நடத்தும் கடை எல்லாம் இதில் அடங்கும். 2018-ல் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரித்துச் சொன்னது. வாட்ஸ்அப் குழுவில் "ஃபார்வர்ட் பண்ணேன், நான் எழுதல" என்ற சமாதானம் செல்லாது. பாலியல் வழக்கு எஃப்.ஐ.ஆரை இணையதளத்தில் ஏற்றக் கூடாது என்று 2016-லேயே உத்தரவு உண்டு. இருந்தும் 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாக வழக்கில் மாணவியின் விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட குழுவை அமைத்து, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் தரச் சொன்னது. எஃப்.ஐ.ஆர். போடும்போதே "இணையத்தில் ஏற்ற வேண்டாம்" என்று மனுவில் ஒரு வரி எழுதிக் கேட்பது நல்லது.

குழந்தை என்றால்

18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருவருக்கும் போக்சோ பொருந்தும். (வயது வந்த ஆண் வல்லுறவுக்கு ஆளானால் பி.என்.எஸ்.ஸில் பொருத்தமான பிரிவே இல்லை. இயற்கைக்கு மாறான உடலுறவு பற்றிய பழைய 377-ஐ எடுத்தவர்கள் மாற்று வைக்க மறந்தார்களா, வேண்டாமென்று விட்டார்களா, தெரியவில்லை.) தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை, பள்ளி, விடுதிப் பொறுப்பாளர் தனக்குக் கீழ் உள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. "பள்ளிப் பெயர் கெட்டுடும், உள்ளுக்குள்ள பார்த்துக்கலாம்" என்பது தானே ஒரு குற்றம்.

காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் தர வேண்டும். எல்லாக் குழந்தையையும் குழு முன் நிறுத்த வேண்டியதில்லை. குற்றவாளி அதே வீட்டில் இருந்தாலோ, குழந்தை காப்பகத்தில் இருந்தாலோ, பெற்றோர் ஆதரவு இல்லாவிட்டாலோதான் நேரில் கொண்டுவர வேண்டும். ஆதரவு நபர் ஒருவரைக் குழு நியமிக்கும். போக்குவரத்து, உணவு, உடை போன்ற அவசரச் செலவுக்குக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் பணம் வர வேண்டும். 2020 போக்சோ விதிகளில் உள்ள இந்த வசதியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. படிவம் 'ஏ' என்று உரிமைகள் அச்சிட்ட தாள் ஒன்றையும் காவல்துறை தர வேண்டும். தராவிட்டால் பெயர் சொல்லிக் கேளுங்கள். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான், குழந்தை நம்பும் ஒருவர் முன்னிலையில் பரிசோதிக்க வேண்டும்.

ஜாமீன், மிரட்டல், சமரசம்

16 வயதுக்குட்பட்ட பெண் மீதான வல்லுறவு, 18 வயதுக்குட்பட்டவர் மீதான கூட்டு வல்லுறவு ஆகியவற்றில் முன்ஜாமீன் கிடையாது. ஜாமீன் விசாரணையின்போது புகார்தாரர் தரப்பு இருந்தே ஆக வேண்டும். மற்ற வழக்குகளிலும் பாதிக்கப்பட்டவர் இடையீட்டு மனு போட்டு எதிர்க்கலாம். இதற்கு வக்கீல் செலவு வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் தரும். வேலூரில் அது சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. இழப்பீட்டு மனுவும் அங்கேதான். தீர்ப்பு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மிரட்டல் வந்தால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு விடக் கூடாது. 2018 சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு கொடுக்கலாம். ஐந்து வேலை நாளுக்குள் அபாய மதிப்பீட்டு அறிக்கை வர வேண்டும். வீட்டுக்குக் காவல், தொலைபேசி எண் மாற்றம், தற்காலிகமாக வேறு இடத்தில் தங்கவைத்தல் வரை கேட்கலாம். பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளும் எஃப்.ஐ.ஆரில் சேர வேண்டும். அப்போது டி.எஸ்.பி.தான் விசாரிக்க வேண்டும், முதற்கட்ட விசாரணை என்ற பேச்சே இல்லை, அரசு நிவாரணமும் கட்டம் கட்டமாக வரும்.

ஊர்ப் பெரியவர்கள் வந்து "கட்டி வச்சிடலாம், பொண்ணு வாழ்க்கை" என்று பேசுவது இந்தப் பகுதியில் புதிதல்ல. காவல் நிலையத் திண்ணையிலேயே நடப்பதும் உண்டு. வல்லுறவு வழக்கு சமரசத்துக்கு உரியதல்ல. தண்டனையைக் குறைக்கவும் சமரசம் காரணமாகாது என்று 2013-லும், நீதிமன்றமே திருமணத்தையோ சமரசத்தையோ யோசனையாகச் சொல்லக் கூடாது என்று 2021-லும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

காலண்டரில் குறிக்க வேண்டியவை

வல்லுறவு, போக்சோவின் முக்கியப் பிரிவுகளில் இரண்டு மாதத்துக்குள் புலன்விசாரணை முடிய வேண்டும். 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவருக்குக் காவல்துறை தெரிவிக்க வேண்டும், குறுஞ்செய்தியாகக்கூட இருக்கலாம். எதிரி சிறையில் இருந்தால் இன்னொரு கெடுவும் ஓடுகிறது. குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் அவர் உரிமையாகவே ஜாமீனில் வந்துவிடுவார். ஆய்வக அறிக்கை வரவில்லை என்பதுதான் வழக்கமான காரணம். அறிக்கை பிறகு வந்தாலும் கூடுதல் அறிக்கையாகச் சேர்க்கலாம் என்பதால் அதற்காகக் குற்றப்பத்திரிகையை நிறுத்திவைக்கத் தேவையில்லை. 45-ஆவது நாளில் விசாரணை அதிகாரிக்கு எழுத்து மூலம் நிலவரம் கேட்டு, நகலை எஸ்.பி.க்கும் அனுப்புவது பலன் தரும்.

சில வழக்குகளில் குற்றப்பத்திரிகைக்குப் பதில் ஆர்.சி.எஸ். (ரெஃபர்டு சார்ஜ் ஷீட்) நோட்டீஸ் வரும். "புகாரில் உண்மையில்லை, மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது" என்பது அதன் சாரம். காவலர் வீட்டுக்கு வந்து "சும்மா ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்று நீட்டுவார். பெற்றுக்கொண்டதற்கு மட்டும் தேதியோடு கையெழுத்துப் போட்டு, பக்கத்திலேயே "எனக்கு ஆட்சேபணை உண்டு" என்று எழுத வேண்டும். பிறகு நீதிமன்றத்தில் எதிர்ப்பு மனு தாக்கல் செய்யலாம். புகார் கொடுத்தவரைக் கேட்காமல் வழக்கை மூடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லியிருக்கிறது. எதிர்ப்பு மனுவைப் பார்த்து மாஜிஸ்திரேட் மேல்விசாரணைக்கு உத்தரவிடலாம், அல்லது இருக்கும் ஆவணங்களை வைத்தே வழக்கை நீதிமன்ற விசாரணைக்கு எடுத்துக்கொள்ளலாம்.